ஒரு கோப்பு, பல பக்கங்கள்

வடோதராவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். அவளுடைய அப்பத்தா சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்கிறார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவர் சொல்லும் கதைகளையும் விடுகதைகளையும் மாணவி தன் கைப்பேசியில் தமிழிலேயே தட்டச்சு செய்து சேர்த்துவந்தாள். ஓராண்டில் 14 கதைகள் சேர்ந்துவிட்டன. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அவற்றை ஒரு சிறு நூலாக்கி அப்பத்தாவின் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவளது விருப்பம்.

தெருமுனையில் உள்ள நகலகத்தில் கோப்பைக் கொடுத்து அச்செடுக்கச் சொன்னாள். தாளில் வந்தவை வரிசை வரிசையாக வெறும் கட்டங்கள். மற்றொரு கடையில் எழுத்துகள் வந்தன. ஆனால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் சிதறிக் கிடந்தன. தலைப்பும் கதையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. விடுகதையின் இரண்டு அடிகள் ஒரே அடியாகிவிட்டன. ஒரு பக்கத்தை நிழற்படம் எடுத்து ஊருக்கு அனுப்பியபோது, "எழுத்தெல்லாம் எறும்பு ஊருற மாதிரி இருக்குதே தாயி" என்று அப்பத்தா சொல்லிவிட்டார்.

கைப்பேசித் திரையில் செம்மையாகத் தெரிந்த தமிழ் தாளுக்கு வரும்போது சிதைந்தது ஏன்? விடை காண, கோப்பினுள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கோப்பினுள் இருப்பவை எண்களே

எளிய உரைக்கோப்பு என்பது எழுத்துகளை மட்டும் வரிசையாகச் சேமித்து வைக்கும் கோப்பு ஆகும். அதில் எழுத்தின் அளவு இல்லை; நிறம் இல்லை; தடித்த எழுத்து, மெல்லிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை; பக்கம் என்ற ஒன்றே இல்லை. எழுத்துகளும்கூட அங்கே எழுத்துகளாக இருப்பதில்லை, எண்களாகவே இருக்கின்றன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் பொது ஏற்பாடு ஒருங்குறி எனப்படும். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்கு உரியவை.

தமிழில் 247 எழுத்துகள் உள்ளனவே, 128 இடங்களில் அவை எவ்வாறு அடங்கும் என்ற ஐயம் எழலாம். ஒருங்குறி எல்லா எழுத்துகளுக்கும் எண் வழங்கவில்லை. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி, ஆய்தம் ஆகியவற்றுக்கே எண்கள் உண்டு. 'க' என்பதன் எண் 2965. புள்ளியின் எண் 3021. இவ்விரண்டும் அடுத்தடுத்து நின்றால் அது 'க்' ஆகும். 'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன; கோப்பிலோ அச்சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து எண்களாக இருக்கும். இலக்கணம் மெய்யையும் உயிரையும் சேர்த்து உயிர்மெய்யை உருவாக்குவதைப் போன்ற முறையே இது. இலக்கணம் மெய்யிலிருந்து தொடங்குகிறது. கணினி அகரமேறிய மெய்யிலிருந்து தொடங்குகிறது என்பதே வேறுபாடு.

இந்த எண்களைக் கண்ணுக்குத் தெரியும் வடிவமாக மாற்றுவது எழுத்துருவின் வேலை. கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால், எண் இருக்கும். காட்டுவதற்கு வடிவம் இராது. அப்போது அந்த இடத்தில் வெறுங்கட்டம் ஒன்று தோன்றும். சோயா பாலில் செய்யும் 'டோஃபு' துண்டைப் போல இருப்பதால் கணினித் துறையினர் அக்கட்டத்தை 'டோஃபு' என்றே அழைக்கின்றனர். இனி டோஃபு வேண்டாம் என்னும் நோக்கில் கூகுள் நிறுவனம் வெளியிட்ட எழுத்துருக் குடும்பத்தின் பெயர்தான் 'நோட்டோ'. முதல் கடையில் நேர்ந்தது இதுதான். கோப்பில் குறையில்லை, கடைக்காரரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை.

இரண்டாவது கடையில் எழுத்துரு இருந்தது. ஆயினும் 'கொ' என்பதைக் காட்ட அதுமட்டும் போதாது. கோப்பில் முதலில் ககரம் நிற்கும். அதன் பின்னரே ஒகரக்குறி நிற்கும். தாளில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் ககரத்துக்குப் பின்னும் அமைய வேண்டும். எண்களின் வரிசையைக் கண்ணுக்குப் பழகிய வரிசையாக மாற்றும் இவ்வேலையைச் செய்யத் தனி மென்பொருள் உண்டு. இப்போது பல உலாவிகளும் கைப்பேசிகளும் பயன்படுத்தும் 'ஹார்ஃப்பஸ்' அத்தகைய ஒன்று. அத்தகைய மென்பொருளின் துணையில்லாத பழைய அச்சு நிரலில் கொம்பும் காலும் தத்தம் வழியில் போய்விடும்.

ஒருங்குறி பரவுவதற்கு முன் நிலைமை இதைவிடக் கடினமாக இருந்தது. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின்மீது தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்திருந்தன. அந்த எழுத்துரு உள்ள கணினியில் கோப்பு தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை மற்றோர் எழுத்துருவில் படிக்க இயலாது. எழுத்துரு தொலைந்தால் எழுதியதும் தொலைந்ததுபோல் ஆகும்.

இந்தச் சிக்கலை நேரடியாகச் சந்தித்த முயற்சிகளுள் ஒன்று மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தைச் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஊதியம் எதுவும் இன்றிப் பழந்தமிழ் நூல்களை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்பினர். முற்காலக் கோப்புகள் 'திஸ்கி' போன்ற பழைய குறியீட்டு முறைகளில் இருந்தன. பின்னர் அவை ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. திஸ்கியில் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகத் தாளில் தெரியும் வரிசையிலேயே எண்கள் நிற்கும். ஒருங்குறியில் ககரமே முதலில் வர வேண்டும். எனவே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. வரிசையையும் திருத்த வேண்டும். அவ்வாறு மாற்றியதனால்தான் அந்நூல்களை இன்று வடோதராவில் உள்ள ஒரு கைப்பேசியிலும் படிக்க முடிகிறது.

மாணவியின் கோப்பு தொடக்கத்திலிருந்தே ஒருங்குறியில் அமைந்திருந்தது அவளது நற்பேறு. ஒவ்வொரு தமிழ் எண்ணுக்கும் 3 பைட்டு இடம் தேவைப்பட்டாலும், 14 கதைகளும் சேர்ந்து கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படத்தைவிட மிகக் குறைந்த இடத்தையே அடைத்தன.

கணினிக்குச் சொல்லும் குறிகள்

எழுத்துரு சரியாகிவிட்டால் நூல் ஆகிவிடுமா? ஆகாது. இது தலைப்பு, இது கதை, இது விடுகதையின் அடி என்பதைப் படிப்பவர் உணர்வார், கணினி உணராது. வரி சிறியதாக இருப்பதால் அது தலைப்பாக இருக்கலாம் என்று கணினி ஊகிக்க விடுவதும் நல்லதன்று. எனவே உரையோடு சேர்த்துச் சில குறிகளையும் எழுதிவைக்க வேண்டும்.

இவ்வழக்கம் பழையது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் என்பவர் 'ரன்ஆஃப்' என்னும் நிரலை எழுதினார். அதில் புள்ளியுடன் தொடங்கும் வரி, அச்சிட வேண்டிய உரை அன்று. கணினிக்கு இடும் கட்டளை. அடுத்த வரியை நடுவில் வை, இங்கே ஒரு வரி இடம் விடு என்பன போன்றவை அக்கட்டளைகள். பின்னர் பெல் ஆய்வகத்தில் 'யூனிக்ஸ்' உருவானபோது இதே முறையைப் பின்பற்றிய நிரல்கள் அங்கும் எழுந்தன. 1971ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் இருந்த தட்டச்சர்கள் விண்ணப்பங்களைத் தயாரிக்க அவற்றைப் பயன்படுத்தினர். உலகெங்கும் புகழ்பெற்ற அந்த இயங்குதளத்தின் தொடக்கப் பயனர்கள் அறிவியலாளர்கள் மட்டும் அல்லர், தட்டச்சர்களும் ஆவர் என்பது பலர் மறந்துவிடும் செய்தி.

அச்சின் அழகுக்காகப் பெரிதும் உழைத்தவர் டொனால்ட் நூத் என்னும் கணினி அறிவியலாளர். 1977ஆம் ஆண்டில் தம் நூலொன்றின் மறுபதிப்புக்கான மெய்ப்புப் படிகளைப் பார்த்து அவர் மனம் வருந்தினார். முதற்பதிப்பு ஈய எழுத்துகளால் கோக்கப்பட்டுக் கண்ணுக்கு இனிதாக இருந்தது. புதிய ஒளியச்சு முறையில் வந்த பக்கங்களோ அழகிழந்து காணப்பட்டன. தம் நூலைத் தாமே அச்சுக்கோக்க முடிவுசெய்து, 'டெக்' என்னும் நிரலை எழுதத் தொடங்கினார். விரைவில் முடியும் என்று அவர் எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது. இன்றும் கணித நூல்கள் பல அதைக்கொண்டே அச்சாகின்றன. அதன் பதிப்பு எண் 3.14, 3.141, 3.1415 என வட்டத்தின் 'பை' மதிப்பை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்கிறது. இனிப் பிழைதிருத்தம் மட்டுமே உண்டு, புதுமை இல்லை என்பது அதன் பொருள்.

ஆயினும் டெக்கின் கட்டளைகளைக் கற்க நாள் பிடிக்கும். பள்ளி மாணவர்களுக்குப் பொருத்தமானது 'மார்க்டவுன்' என்னும் எளிய குறியீட்டு முறை. இதனை ஜான் குரூபர் என்பவர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டார். தலைப்பு வரியின் முன்னே # என்ற குறியும் ஓர் இடைவெளியும் இட்டால் அது தலைப்பு. சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு உடுக்குறி இட்டால் அது தடித்த எழுத்து. இரு பத்திகளுக்கு இடையே ஒரு வெற்று வரி. மாணவியின் கோப்பில் முதற்கதை இவ்வாறு தொடங்கியது:

# கிணற்றடி ஆமை

ஊருக்கு மேற்கே பாழுங்கிணறு ஒன்று இருந்தது.

ஒற்றை உடுக்குறி இட்டால் சாய்வெழுத்து வரும். தமிழுக்குச் சாய்வெழுத்து அவ்வளவாகப் பொருந்துவதில்லை. சாய்ந்த தமிழ் விழப்போவதுபோல் தோன்றும். தடித்த எழுத்தே போதுமானது.

மார்க்டவுனில் ஒரு பொறி உண்டு. வெற்று வரி விடாமல் அடுத்த வரிக்குச் சென்றால், நிரல் அதைப் புதிய வரியாகக் கொள்ளாது; முந்தைய வரியோடு சேர்த்துவிடும். உரைநடைக்கு இது நன்மையே. திரையின் அகலத்துக்கு ஏற்ப எங்கெங்கோ மடக்கி எழுதியவையெல்லாம் ஒழுங்கான பத்தியாகிவிடும். ஆனால் விடுகதையின் இரண்டு அடிகளும் அவ்வாறே ஒன்றாகிவிடும். அடிகள் தனித்தனியே நிற்க வேண்டுமானால் முதலடியின் இறுதியில் இரண்டு வெற்றிடங்கள் விட வேண்டும் என்பது விதி. கண்ணுக்குத் தெரியாத குறி நல்ல குறி அன்று. திருத்தும்போது அறியாமல் அழிந்துவிடும். அதனால் சில நிரல்கள் அங்கே பின்சாய்கோடு ஒன்றை இடவும் இடமளிக்கின்றன. மாணவி அதையே தேர்ந்தெடுத்தாள்.

வரியும் பக்கமும் அமையும் விதம்

குறியிட்ட கோப்பைப் பக்கமாக மாற்ற மாற்று நிரல் ஒன்று தேவை. 'பாண்டாக்' அத்தகையது. மெய்யியல் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். மார்க்டவுன் கோப்பைப் படித்து, இணையப் பக்கமாகவோ மின்னூலாகவோ சொற்செயலிக் கோப்பாகவோ டெக் கோப்பாகவோ இது மாற்றித் தரும். டெக் குடும்பத்தைச் சேர்ந்ததும் 2004இல் வெளிவந்ததுமான 'சீடெக்' ஒருங்குறியை நேரடியாகப் படிக்கும். தமிழ் எழுத்துகளையும் முறையாகக் கோக்கும். பள்ளிக் கணினி அறையில் ஆசிரியரின் துணையோடு மாணவி இவ்விரண்டையும் பயன்படுத்தினாள்.

இந்நிரல்கள் செய்யும் வேலைகளில் மிக நுட்பமானது வரி முறித்தல். நூலின் பக்கத்தில் வரிகளின் இடப்புறமும் வலப்புறமும் நேராக நிற்பதைக் காணலாம். அதற்காகச் சொற்களின் இடையே உள்ள வெளியைச் சற்று நீட்டவோ குறுக்கவோ செய்கிறது நிரல். சாதாரணச் செயலிகள் ஒவ்வொரு வரியையும் நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குச் செல்லும். டெக் அவ்வாறு செய்வதில்லை. பத்தி முழுவதையும் முதலில் பார்த்து, எங்கெங்கே முறித்தால் மொத்தப் பத்தியும் சீராக இருக்கும் என்று கணக்கிட்ட பிறகே முதல் வரியை முடிவுசெய்யும்.

தமிழில் இக்கணக்கு எளிதன்று. ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் குறுகியவை. தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபும் விகுதியும் இடைச்சொல்லும் ஏற்று நீண்டுவிடும். 'கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது ஒரே தொடராக நிற்கிறது. அதில் 20 எழுத்துகள் உள்ளன. அது வரியின் இறுதியில் அடங்காமல் அப்படியே அடுத்த வரிக்குப் போனால், முந்தைய வரியில் பல்விழுந்த வாய்போலப் பெரும் இடைவெளி தோன்றும். எனவே சொல்லை முறிக்க வேண்டியதாகிறது. எங்கே முறிப்பது? மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது என்பது வகுப்பில் படித்த இலக்கணம். அதே விதி இங்கும் உதவுகிறது. வரியின் தொடக்கத்தில் புள்ளி எழுத்து நிற்கக் கூடாது. 'கொடுத்து' என்று முறித்து, 'க்கொண்டிருந்த' என்று அடுத்த வரியைத் தொடங்குவது பிழை. 'கொடுத்துக்' என்று முறித்து, 'கொண்டிருந்த' என்று தொடங்குவதே முறை. நிரலுக்கு இது தமிழ் உரை என்று கோப்பின் தலைப்பகுதியில் அறிவித்துவிட்டால், தமிழுக்கான முறிப்பு விதிகளை அது எடுத்துக்கொள்ளும்.

வரிகள் அமைந்தபின் அவை பக்கங்களாகப் பகுக்கப்படும். பத்தியின் கடைசி வரி மட்டும் தனியே அடுத்த பக்கத்தின் தலையில் போய் நிற்பதையும், பக்கத்தின் அடியில் தலைப்பு மட்டும் நின்று கதை அடுத்த பக்கத்தில் தொடங்குவதையும் நிரல் இயன்றவரை தவிர்க்கும்.

மாவும் இட்டலியும்

இவ்வளவும் முடிந்தபின் கிடைப்பது 'பிடிஎஃப்' கோப்பு. அடோபி நிறுவனம் 1993ஆம் ஆண்டில் இவ்வடிவத்தை வெளியிட்டது. ஒவ்வோர் எழுத்தும் தாளில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை இது பதிவுசெய்கிறது. தேவையான எழுத்துருவையும் தன்னுள்ளே சுமந்து செல்லும். ஆகவே தமிழ் எழுத்துரு இல்லாத கடைக்கும் துணிந்து எடுத்துச் செல்லலாம், கட்டங்கள் தோன்றமாட்டா.

ஆனால் பிடிஎஃப் கோப்பு கிடைத்துவிட்டது என்று மூலக் கோப்பை அழித்துவிடலாகாது. ஒரே மாவில் இட்டலியும் வார்க்கலாம், தோசையும் சுடலாம், பணியாரமும் ஊற்றலாம். வெந்த இட்டலியைக் கரைத்து மீண்டும் மாவாக்க முடியாது. பிடிஎஃப் பக்கத்திலிருந்து தமிழ் உரையைத் திரும்ப எடுக்க முயன்றால், பல வேளைகளில் கொம்புகள் இடம்மாறும். சில எழுத்துகள் விடுபடும். பத்திகள் வரிவரியாக உடையும். எளிய உரைக்கோப்புதான் மாவு.

மாணவி அந்த மாவிலிருந்து இரண்டு நூல்களைச் செய்தாள். வகுப்புத் தோழர்களுக்கானது 12 புள்ளி எழுத்தில், 210க்கு 297 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ4 தாளில் அமைந்தது. அச்சுத்துறையில் ஒரு புள்ளி என்பது ஓர் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. அப்பத்தாவுக்கானது 18 புள்ளி எழுத்தில், ஏ4 தாளை நடுவில் மடித்தால் கிடைக்கும் ஏ5 அளவில், வரிகளுக்கு இடையே தாராளமான வெளியோடு அமைந்தது. இரண்டுக்கும் கதைக் கோப்பு ஒன்றே. அளவுகளைச் சொல்லும் சில வரிகள் மட்டும் மாறின.

மடித்துத் தைக்கும் நூலுக்குப் பக்கங்களை 1, 2, 3 என்ற வரிசையில் அச்சிட இயலாது. ஒரு தாளின் இருபுறமும் சேர்த்து நான்கு பக்கங்கள் அமையும். எனவே மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். அப்பத்தாவின் நூல் 48 பக்கம் வந்தது. அதற்கு 12 தாள்கள் தேவைப்பட்டன. வெளித்தாளின் ஒருபுறம் 48ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும், மறுபுறம் 2ஆம் பக்கமும் 47ஆம் பக்கமும் அமையும். நடுத்தாளின் உட்புறத்தில் 24உம் 25உம் எதிரெதிரே நிற்கும். அருகருகே அச்சாகும் எந்த இரு பக்க எண்களைக் கூட்டினாலும் 49 வரும். இந்த அடுக்கைக் கணினியே செய்துதரும் என்றாலும், நான்கு வெற்றுத் தாள்களை மடித்து எண்ணிட்டுப் பார்த்தால் கை தானே அறிந்துகொள்ளும். அங்கே கூட்டுத்தொகை 17.

விடுமுறையில் ஊருக்குச் சென்றதும் மாணவி நூலை அப்பத்தாவிடம் கொடுத்தாள். அவர் திண்ணையில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாய்விட்டுப் படித்தார். மூன்று நாளில் 14 கதைகளும் முடிந்தன. "எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒன்பதாவது கதையில மட்டும் ஆடுன்னு போட்டிருக்கியே தாயி, அது ஆடு இல்ல, கெடேரிக் கன்னு" என்றார். ஒன்பதாம் கதையில் 'ஆடு' வந்த இடங்கள் ஏழு. ஊர் திரும்பிய அன்று மாலை மாணவி மூலக் கோப்பைத் திறந்து, அவ்வேழு இடங்களிலும் 'கிடேரிக் கன்று' என்று திருத்தினாள். பெரிய எழுத்து நூலும் சிறிய எழுத்து நூலும் ஒரே கட்டளையில் புதிதாக அமைந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா சொன்ன கதைக்கு மேலே # என்ற குறியை இட்டு, 15ஆம் கதையாகச் சேர்த்தாள்.